மளிகைக் கடைக்கு ஏற்ற வண்டி எது?



சென்ற ஆடி மாதம் வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு பிற்பகலில், மல்லூருக்கு அப்பால் கிராமத்தில் கடை வைத்திருக்கும் நமது வாடிக்கையாளர் ஒருவர் சிட்டையைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "ஏனுங்க முதலாளி, பையன் புது வண்டி வாங்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான். பழைய எக்ஸ்எல்லக் குடுத்துட்டு நல்லதா ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எது எடுக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

துவரம் பருப்பு விலை கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். இதற்குச் சொல்ல முடியவில்லை. "தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடுது? ஒரு நடைக்கு எத்தனை சிப்பம்?" என்று திருப்பிக் கேட்டோம். அவர் விழித்தார். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். அரிசியில் கிலோவுக்கு எத்தனை காசு நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வண்டிக் கணக்கு மட்டும் அவரிடம் இல்லை. நமது உறுப்பினர்களில் பெரும்பாலோர் நிலையும் இதுதான் என்று தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

நாம் மெக்கானிக் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு தந்தையாரின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுகளாகச் செவ்வாய்ப்பேட்டையில் நம் கடை வாசலில் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்துவருகிறோம். எந்த வண்டி சரக்கோடு போய் மறுவாரமும் வந்தது, எதை வாங்கிய பிறகு கடைக்காரருக்குப் பாக்கி ஏறியது என்பதற்கு நமது பேரேடே சாட்சி. டவுனில் இன்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்காத மளிகைக் கடை பிழைப்பது சிரமம். சூப்பர் மார்க்கெட்காரர் வேன் வைத்து அனுப்புகிறார். பெரிய நகரங்களில் செல்போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வருகிறது. அவர்களுக்கு எதிரே நம் சிறு வியாபாரியிடம் இருப்பது ஓர் இரு சக்கர வண்டிதான்.

நாம் கடைக்கு வந்த புதிதில் ஊர்க் கடைக்காரர்கள் பஸ்ஸில்தான் வருவார்கள். மூட்டையை பஸ் டாப்பில் ஏற்றுவார்கள். சிலர் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு பத்து மைல் மிதிப்பார்கள். வசதியானவர் பஜாஜ் சேட்டக்குக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பார். வண்டி கைக்கு வரப் பத்து ஆண்டு காத்திருந்தவர்கள் உண்டு. முறை வந்ததும் ஓட்டிக்கூடப் பார்க்காமல் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிட்டு, அந்த லாபத்தில் கடைக்கு அலமாரி போட்டவரும் உண்டு. இன்று புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்குகிறது.

சேட்டக் நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. இரும்பு உடம்பு, கைப்பிடியில் நாலு கியர், கூடவே ஒரு ஸ்டெப்னி. கால் வைக்கும் பலகையில் சர்க்கரை மூட்டையை நிறுத்தி இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு நாமே லீ பஜாரிலிருந்து ஓட்டி வந்திருக்கிறோம். ஆனால் என்ஜின் ஒரு பக்கமாக இருக்கும். காலையில் கிளம்பாவிட்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சின்னச் சக்கரத்தை நம்பவே முடியாது. 2009-ல் பஜாஜ் கம்பெனி ஸ்கூட்டரே வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2020-ல் அதே பெயரில் வந்தது மின்சார வண்டி.

நம் பக்கத்து மளிகைக்காரருக்கு விடிவு வந்தது ஓசூரிலிருந்து. 1965-ல் தர்மபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூரும் நமது பழைய சேலம் மாவட்டம்தான் என்பது இளைஞர்களுக்குத் தெரியாது. அங்கேதான் 1980-ல் டி.வி.எஸ். 50 பிறந்தது. லூனா அதற்கு முன்பே, 1972-ல் வந்துவிட்டது. ஆனாலும் மூட்டை ஏற்றும் வண்டி என்று நம் சந்தையில் வேர் விட்டது ஓசூர் வண்டியே. பிலிக்கல்பாளையம் வெல்லச் சிப்பம், நாமக்கல் முட்டை அட்டை, வேலூர் வெற்றிலைக் கட்டு, பால் கேன், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் அந்த வம்சம் சுமந்தது. 2015-ல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்ததும் பெட்ரோலில் ஆயில் கலக்கும் தொல்லையும் போயிற்று. பின் சீட்டைக் கழற்றிவிடலாம், முன்னால் தட்டையான இடம் இருக்கிறது, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. கடைப் பையன் ஒரே நாளில் பழகிக்கொள்வான்.

மோட்டார் சைக்கிளின் கதை வேறு. 1984-ல் ஓசூரிலேயே தயாரான சுசுகி 100 சி.சி., 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று வரிசையாக வந்தபோது வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் கேட்டது யமஹா. தகப்பன்மார் பெட்ரோல் கணக்குப் பார்த்து எடுத்தது ஹீரோ ஹோண்டா. 1994-ல் வந்த ஸ்பிளெண்டர் இன்றும் நம் வாசலில் நிற்கிறது. லைனுக்குப் போய் ஆர்டர் எடுத்து வசூல் செய்கிறவருக்கு அதைப் போன்ற நூறு சி.சி. வண்டியை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது நமது தீர்மானமான கருத்து. சேலத்திலிருந்து ஆத்தூர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் என்று போய்த் திரும்பும் ஆளை எக்ஸ்எல்லில் அனுப்பினால் மறுநாள் முதுகு வலி என்று லீவு சொல்லிவிடுவார். எக்ஸ்எல்லின் டேங்க்கும் நாலு லிட்டர்தான்.

இனி கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், கடை வண்டி நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், ஆண்டுக்கு 300 நாள் என்றும் வைத்துக்கொள்வோம். எக்ஸ்எல் நம் சாலையில், சுமையோடு, லிட்டருக்கு 50 தந்தால் நாளுக்கு 60 ரூபாய். நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் 60 தந்தால் 50 ரூபாய். ஆண்டுக்கு 3,000 ரூபாய் மோட்டார் சைக்கிளில் மிச்சம். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எக்ஸ்எல்லில் இரண்டு சிப்பத்தை முன்னும் பின்னுமாக வைத்து நிதானமாகப் போகலாம். மோட்டார் சைக்கிள் பின் சீட்டில் ஒரு சிப்பம் கட்டலாம். இரண்டாவதைக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடுகிறது. ஆகவே அதே சரக்குக்கு இரண்டு நடை, 60 கிலோமீட்டர், 100 ரூபாய். மிச்சம் எங்கே போயிற்று? பெட்ரோல் மட்டுமா, கடையில் ஆள் இல்லாத நேரமும் இரட்டிப்பு. (25 கிலோ சிப்பம் 2022 ஜூலையில் வரி வந்தபின் 26 கிலோ ஆனது எப்படி என்பது நமது உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.)

ஆக்டிவா போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டரைச் சிலர் கேட்கிறார்கள். 2001 முதல் இந்த வகை நன்றாகப் பரவியிருக்கிறது. வீட்டு அம்மாவும் ஓட்டுவார், பள்ளிக்கும் பாங்குக்கும் ஆகும், காலடியில் ஓர் எண்ணெய் டின் வைக்கலாம். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே வண்டி என்றால் அதுவே சரி. தினமும் மூட்டை ஏற்ற அது செய்யப்பட்டதல்ல. உள்ளே பெல்ட்டும் ரோலரும் இருக்கின்றன. சுமை ஏற ஏற அவை சீக்கிரம் தேயும்.

கொல்லிமலை செம்மேட்டில் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒரே கியர் உள்ள வண்டியில் சுமையோடு அதில் ஏறுவது வண்டிக்கும் ஆளுக்கும் தண்டனை. அங்கே கியர் வண்டிதான். இறங்கும்போதும் கியரே பாதி பிரேக்.

நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் விலையோ மைலேஜோ அல்ல, நின்ற நாள். வண்டி ஒரு நாள் நின்றால் என்ன செலவு என்று எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டார்கள். நமது கடையில் மூன்று வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பெட்ரோல், ஆயில், டயர் இவற்றோடு வண்டி நின்ற நாளையும் எழுதிவருகிறோம். ஒரு நாள் நின்றால் லோடு ஆட்டோ வாடகை, காத்திருக்கும் ஆள் கூலி, சரக்கு போகாததால் பக்கத்துக் கடைக்குப் போன வாடிக்கையாளர் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குக் குறையாது. ஆண்டுக்குப் பத்து நாள் நின்றால் பத்தாயிரம். பெட்ரோலில் மிச்சப்படுத்திய 3,000-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும்: நமது நோட்டில் நின்ற நாட்களில் பாதிக்கு மேல் வண்டியின் குற்றமல்ல, நமது குற்றம். காலத்தில் ஆயில் மாற்றவில்லை, செயினுக்கு எண்ணெய் விடவில்லை, வழுக்கையான டயரை இன்னும் ஒரு மாதம் என்று ஓட்டினோம்.

வண்டி நிற்காமல் இருப்பது கம்பெனி கையில் பாதி என்றால், நம் தெரு மெக்கானிக் கையில் மீதி. அந்தக் காலத்தில் கார்பொரேட்டரைக் கழற்றி ஊதினால் வண்டி கிளம்பிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் எக்ஸ்எல்லுக்கும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. புகை குறைவு, காலையில் உடனே கிளம்பும், எல்லாம் சரி. சென்சாரில் கோளாறு என்றால் புளிய மரத்தடி மெக்கானிக் கை விரிக்கிறார். ஆகவே வாங்குமுன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போய், "இந்த வண்டிக்கு நீ எதெது பார்ப்பே, எதுக்கு டவுனுக்குப் போகச் சொல்லுவே?" என்று கேளுங்கள். அவர் சொல்வது விளம்பரத்தைவிட நம்பகமானது. இரண்டாம் கை விலையையும் அவரே சொல்வார். எக்ஸ்எல், ஸ்பிளெண்டர் இரண்டுக்கும் எந்த ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். அபூர்வமான வண்டியை விற்கப் போனால் பழைய இரும்புக்காரர் மாதிரி பேசுவார்கள்.

மின்சார வண்டி பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, இரண்டுமே பழைய சேலம் மாவட்டத்து மண்ணில்தான் தொழிற்சாலை வைத்திருக்கின்றன, டி.வி.எஸ். ஐக்யூப் வேறு. நாளுக்கு 30 கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு யூனிட் கரண்ட். கடை மீட்டரில் பத்து ரூபாய் என்றே வைப்போம். எக்ஸ்எல்லுக்கு 60 ஆகும் இடத்தில் 10. ஆண்டுக்கு 15,000 மிச்சம். மூன்று சக்கரம் ஓடுகிறவருக்கு இது சாதாரணத் தொகை அல்ல என்பது போலவே, நமக்கும் அல்ல. இதை நம்பி 2022-ல் நமது மகன் ஒன்று வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். ஓடிய நாளெல்லாம் நன்றாகவே ஓடியது. ஐப்பசி மழையில் ஒரு நாள் நின்றது. ஏதோ ஒரு பாகம் வரவேண்டும் என்று சொல்லி 19 நாள் சர்வீஸ் சென்டரில் கிடந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் 19 என்று எழுதும்போது கை கூசியது. ஆகவே டவுனுக்குள் சுற்றும் இரண்டாவது வண்டியாக, வேறு ஒரு பெட்ரோல் வண்டியும் கைவசம் இருந்தால், தாராளமாக வாங்கலாம். ஒரே வண்டியாக இப்போதைக்கு வேண்டாம். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதை எழுத்தில் கேளுங்கள். 2024-ல் லூனாவும் மூட்டை ஏற்றும் மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. நம் பக்கத்தில் அதை ஐந்து வருடம் ஓட்டித் தேய்த்த ஆள் கிடைத்ததும் அவரைக் கேட்டு எழுதுகிறோம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இதைக் காட்டியே தவணையில் வாங்கச் சொல்லி ஆள் பிடிக்கிறார்கள். வட்டி வியாபாரிக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஷோரூமில் நாமும் மயங்குகிறோம். 60,000 கடன், பிளாட் 12 சதவீதம், 24 மாதம் என்பார்கள். வட்டி 14,400, மாதத் தவணை 3,100. அசல் மாதாமாதம் குறைந்து வருகிறது. வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு அறுபதாயிரத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. மளிகையில் எந்தச் சரக்கில் நமக்கு அந்த லாபம் நிற்கிறது? தவணை தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் கடைக்காரர் அதை ஒழுங்காகக் கட்டுவார். மொத்த வியாபாரியின் பாக்கிதான் நிற்கும். பாக்கி நின்றால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் வாடிக்கை குறையும். மகனுக்காக பெரிய மோட்டார் சைக்கிள் எடுத்து, இரண்டு ஆண்டுக்குள் அலமாரி காலியான கடைகள் நமது பேரேட்டில் மூன்று இருக்கின்றன. அவர்கள் சோம்பேறிகள் அல்ல.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தோம்.

1993-ல் தீபாவளிக்கு முந்தைய வாரம். ஓமலூர்ப் பக்கத்துக் கடை ஒன்று அவசரமாக அரிசி கேட்டது. நமது கடையில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். லோடு வண்டி வர நேரமாகும், வாடகையும் கொடுக்க வேண்டும் என்று எண்ணி, அவனது மொபெட்டில் 75 கிலோ மூட்டை இரண்டை நாமே நின்று ஏற்றச் சொன்னோம். "முதலாளி, டயர் உக்காருதுங்க" என்றான். "மெதுவாப் போடா தம்பி, போயிரும்" என்றோம். வழியில் பின் டயர் வெடித்து, வண்டியும் மூட்டையும் அவன் கால்மேல் விழுந்தன. மூன்று மாதம் படுக்கை. வைத்தியச் செலவை நாமே ஏற்றோம், சம்பளமும் கொடுத்தோம். அன்று மிச்சப்படுத்த நினைத்தது முப்பது ரூபாய் வாடகை. அவர் இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார், நம்மிடமே சரக்கு எடுக்கிறார். கடைப் படி ஏறும்போது ஒரு காலை இழுத்து வைக்கிறார். ஒரு நாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

எந்த வண்டியானாலும் அதனோடு தரும் சிறு புத்தகத்தில், ஓட்டுகிறவரையும் சேர்த்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று போட்டிருக்கும். நாமெல்லாம் எடைக்கல்லைத் தொட்டுப் பிழைப்பவர்கள். தராசில் பத்து கிராம் கூடினால் திரும்ப எடுக்கிறோம். வண்டியில் ஐம்பது கிலோ கூடினால் கண்டுகொள்வதில்லை. பதினெட்டு நிரம்பாத பையனிடம் சாவியைக் கொடுக்கும் பழக்கமும் நம்மவரிடம் இருக்கிறது. 2019-ல் வந்த திருத்தச் சட்டப்படி அதற்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. தண்டனை வண்டிச் சொந்தக்காரருக்கு.

மல்லூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறோம். ஒரு மாதம் சிட்டையின் பின்பக்கத்தில் கிலோமீட்டரையும் சிப்பத்தையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னோம். எழுதி வந்தார். நாளுக்குச் சராசரி 22 கிலோமீட்டர்; பெரிய சரக்கு வாரம் இரண்டு நாள்தான்; மற்ற நாளெல்லாம் பத்து, பதினைந்து கிலோ வீட்டு விநியோகம். பழைய எக்ஸ்எல்லுக்கு இரண்டு டயர், செயின் செட், கிளட்ச், பிரேக் ஷூ மாற்ற மெக்கானிக் கேட்டது எட்டாயிரத்துக்குள். அதைச் செய்துகொண்டார். வண்டி இன்னும் மூன்று ஆண்டு ஓடும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். பையனுக்கு நம்மேல் கோபம். ஒரு மாதம் நம் கடைப் பக்கமே வரவில்லை.

அவருக்கும், எக்ஸ்எல்லில் வரும் மற்றவர்களுக்கும் இரண்டு சிப்பத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று நமது சுமைத் தொழிலாளர்களிடம் சொல்லிவிட்டோம். "எப்பவும் நாலு ஏத்திக்கிட்டுத்தானே போவேன்" என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். மீதியை வெள்ளிக்கிழமை லைன் வண்டியில் வாடகை இல்லாமல் அனுப்பிவைக்கிறோம். இதில் நமக்குக் கொஞ்சம் கைப்பிடித்தம்தான். மற்ற மொத்த வியாபாரிகளும் இதைச் செய்தால், அங்கே நாலு ஏற்றுகிறார்கள் என்று சொல்லி வாடிக்கையாளர் கடை மாற மாட்டார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச அனுமதி கேட்டிருக்கிறோம்.